புல்லிடை வாழும் மீன்

சில ஆண்டுகளுக்கு முன் பாக் நீரிணைக் கரையோர ஊர் ஒன்றில் மேல்நிலை வகுப்பு மாணவர்களோடு ஒரு காலைப் பொழுதைக் கழித்தேன். விசைப்படகுகள் கரையடைந்து, மீன்கள் தரம் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளை அது. இறாலும் நண்டும் கணவாயும் தனித்தனிக் கூடைகளுக்குப் போயின. விலை போகாத சிறு மீன்கள் தரையில் ஒரு குவியலாகக் கிடந்தன. அக்குவியலைச் சங்காயம் என்பர். உலர்த்திக் கோழித்தீவனத்திற்கு அனுப்புவர். அதிலிருந்து ஒன்றை எடுத்து வந்தான் ஒரு மாணவன். பென்சிலினும் மெலிந்த உடல். ஒரு சாண் நீளம். ஊதுகுழல் போன்று நீண்ட வாய். காய்ந்த புல் துண்டு என்றே முதலில் நினைத்தானாம். “ஐயா, இது மீன்தானா? இதனால் யாருக்கு என்ன பயன்?” என்றான்.

மீன்தான், குழல்மீன் என்று பெயர், கடற்குதிரையின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றேன். இரண்டாம் கேள்விக்கு அன்று நான் கூறிய விடை இன்று எனக்கு நிறைவளிக்கவில்லை. “சட்டம் இதனைப் பாதுகாக்கிறது, பிடிப்பது குற்றம்” என்று சொல்லி முடித்துக்கொண்டேன். சட்டம் பாதுகாக்கும் மீன் சங்காயக் குவியலில் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே அவனும், எதிரில் நின்றுகொண்டே நானும் அந்த முரணைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டோம். அன்று பேசாமல் விட்டதை இங்கே பேச விரும்புகிறேன்.

முதலில் அந்த மீனின் வாழ்க்கையைப் பார்ப்போம். கடலோரத்தின் ஆழங்குறைந்த பகுதிகளில் வயல் போலப் பரந்து வளர்வது கடற்புல். இது பாசி அன்று. வேரும் தண்டும் பூவும் விதையும் உடைய தாவரம். நீருக்கடியிலேயே பூத்து, நீரின் வழியாகவே மகரந்தம் பரப்பி, விதை ஈனுகிறது. மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் இதன் தண்டு கடலடி மணலைப் பின்னிப் பிணைத்து வைக்கிறது. இலை அறுந்தால் மீண்டும் துளிர்க்கும். மண்ணடித் தண்டோடு பெயர்க்கப்பட்டால் அந்த இடம் மீள ஆண்டுகள் பல ஆகும். இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

குழல்மீனின் உடல் இந்தப் புல்லுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், அலாஸ்கா முதல் பாகா கலிபோர்னியா வரை வாழும் குழல்மீன் பச்சைப் புல்லிடையே பச்சையாகவும், பழுத்த இலைகளிடையே பழுப்பாகவும் தோன்றும். இலைகளோடு இலையாகச் செங்குத்தாக நின்று, அலை அசைக்கும் போது தானும் அசையும். செதில்களுக்கு மாற்றாக எலும்பு வளையங்கள் உடலைச் சுற்றியிருப்பதால் வளைந்து நெளிந்து விரைய இயலாது. முதுகுத் துடுப்பைப் படபடவென அடித்துக்கொண்டு மெல்ல நகரும். துரத்தி வரும் பகையிடமிருந்து தப்பி ஓடும் ஆற்றல் அதற்கு இல்லை. மறைந்து நிற்பது ஒன்றே அதன் தற்காப்பு.

உண்பதில் மட்டும் விரைவு உண்டு. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சிறு ஓட்டுயிரிகள் அருகில் வந்ததும், ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் குழல் வாயால் உறிஞ்சிவிடும். பல் இல்லை, இரைப்பையும் இல்லை. எனவே சேமித்து வைத்துச் செரிக்க வழியின்றி நாள் முழுதும் தின்றுகொண்டே இருக்க வேண்டும். இரை குறைந்தால் பொறுத்திருக்கும் வாய்ப்பு அதன் உடலுக்கே இல்லை.

இக்குடும்பத்தில் கருவைச் சுமப்பது தந்தை. பெண் மீன் முட்டைகளை ஆணின் வாலடிப் பையில் இட்டுவிட்டுச் சென்றுவிடும். முட்டைகளுக்கு உயிர்வளி தருவதும் குஞ்சுகளை வெளிவிடும் வரை காப்பதும் ஆணின் வேலை. ஐரோப்பியக் கடற்புல்வெளிகளில் வாழும் ஓரினத்தில், தந்தையே முட்டைகளின் சத்தைத் தன் உடலுக்குள் ஈர்த்துக்கொள்வதையும் ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். ஆகவே, தந்தையன்பின் இலக்கணமாக இம்மீனைப் பாடத்தில் வைக்க விரும்பும் என் போன்ற ஆசிரியர்கள் சற்றுப் பொறுத்தல் நலம்.

புல்லுக்கும் பாசிக்கும் ஏற்பத் தன்னை மெலிய வைத்துக்கொண்ட மீன் இது ஒன்று மட்டும் அன்று. அதே பசிபிக் கரையில் கெல்ப் எனும் பெரும்பாசிக் காடுகளில், வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த குழல்மூக்கு மீன் வாழ்கிறது. அதன் ஆண், தன் உடலில் சுரக்கும் பசை இழையால் பாசியைச் சுற்றிக் கட்டி, முட்டைகளுக்குக் காவல் நிற்கும். உறவு வேறு, உருவம் ஏறத்தாழ ஒன்று. வாழிடமே உடலை வார்க்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். யாருக்கும் பயன்படாத, யாரும் பிடிக்க விரும்பாத மீனுக்கு என்ன ஆபத்து நேர்ந்துவிடப் போகிறது? இதற்கு விடை தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் இருக்கிறது.

அங்கே கரீகா, புஷ்மன்ஸ் முதலிய சில ஆறுகளின் கழிமுகங்களில் மட்டும் ஒரு குழல்மீன் இனம் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. ஒரு விரலினும் சற்றே நீண்ட அந்த மீனை, 1963-ஆம் ஆண்டு அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் ஜே. எல். பி. ஸ்மித். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீன் 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு கிடைத்தபோது, அதனை இனங்கண்டு பெயரிட்டவரும் இவரே. சீலகாந்த் உலகச் செய்தி ஆயிற்று. கழிமுகக் குழல்மீனோ எவர் கவனத்தையும் ஈர்க்கவில்லை. 1994-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிந்த இனமாக அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில், 1996-இல், அண்டையிலுள்ள வேறொரு கழிமுகத்தில் அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. இன்று மிக அருகிய இனமாக எஞ்சியிருக்கிறது.

அதற்கு எவரும் வலை வீசவில்லை. அது எந்த அடுப்பிலும் ஏறியதில்லை. பின் ஏன் அருகியது? ஆற்றின் மேற்பகுதிகளில் ஊர்களின் நீர்த்தேவைக்காகவும் வேளாண்மைக்காகவும் அணைகள் எழுந்தன. கழிமுகத்திற்கு நன்னீர் வருவது குறைந்தது. நன்னீரோடு வரும் சத்தினால் பெருகும் நுண்ணிய ஓட்டுயிரிகளும் குறைந்தன. இரைப்பை இல்லாத மீன் பசித்தது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். போதாக்குறைக்கு, எப்போதேனும் பாய்ந்து வரும் பெருவெள்ளம் கழிமுகப் புல்லைப் பெயர்த்துக்கொண்டு போகும்போது இருக்க இடமும் இல்லாமற்போகிறது. அணை கட்டியவர் தீயவர் அல்லர். தாகத்திற்கு நீர் தேக்கினர். அந்த மீன் அங்கே இருப்பதுகூட அவர்களுட் பலருக்குத் தெரிந்திராது. ‘பிடிக்காதே’ என்னும் சட்டம் அங்கே எத்தனை கடுமையாக இருந்திருந்தாலும் ஒரு மீனையும் காத்திருக்காது.

வடக்கு அட்லாண்டிக் கரையிலும் இதற்கு ஒப்பான ஒன்று பெரிய அளவில் நிகழ்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஒரு நோய் பரவி, அங்கிருந்த கடற்புல்லில் பத்தில் ஒன்பது பங்கு மடிந்தது. அந்தப் புல்லின் இலை மேல் மட்டுமே வாழ்ந்த ஒரு சிறு நத்தை இனம் அடியோடு அழிந்தது. அது அழிந்துபோனதை அறிவியலாளர் உணர்ந்து எழுதியது 1991-இல்! ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அதனை யாரும் தேடவே இல்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கடலோர விரிகுடாக்களில் நோய்க்குத் தப்பிய புல்லையும் 1933-ஆம் ஆண்டுப் புயல் முடித்துவைத்தது. கரையோர மக்களுக்கு வருவாய் தந்த சிப்பித் தொழிலும் அதனோடு போயிற்று. எழுபது ஆண்டுக்காலம் அங்கே வெறும் சேறு. பின்னர் 1999 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனத்தாரும் தன்னார்வலர்களும் வேறிடங்களில் பூத்த கடற்புல்லைக் கையால் கொய்து, விதை பிரித்து விதைத்தனர். ஏழு கோடிக்கும் மேற்பட்ட விதைகள். விதைத்த பரப்பு 200 ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதல். இன்று அது தானாகவே பரவி 3,600 ஹெக்டேர் புல்வெளியாக விரிந்துள்ளது. மீன்களை யாரும் கொண்டுவந்து விடவில்லை. புல் வந்தது, அவை வந்தன. சிப்பியை மட்டும் மனிதர் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. புல் இருந்ததால் அதுவும் நிலைத்தது.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் இந்தியாவின் வளமான கடற்புல்வெளிகளைக் கொண்டவை. 2001-ஆம் ஆண்டு கடற்குதிரையும் குழல்மீனும் அடங்கிய குடும்பம் முழுவதையும், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில், இந்திய அரசு சேர்த்தது. கடற்குதிரையை உலர்த்தி மருந்துக்கென அயல்நாடுகளுக்கு அனுப்பும் வணிகத்தைத் தடுப்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம், நான் அதைக் குறை கூறவில்லை. ஆனால் இக்குடும்பத்து மீன்களுள் பெரும்பகுதி, தேடிப் பிடிக்கப்படாமல் இறாலுக்காக இழுக்கும் மடியில் தற்செயலாக அகப்படுபவை. கடலடியை உரசிச் செல்லும் மடிக்குச் சட்டத்தின் அட்டவணை தெரியாது. கரைக்கு வந்து சேரும்போது அம்மீன் உயிரோடு இருப்பதும் அரிது. அதை வைத்திருப்பவன் குற்றவாளி ஆகிறான். அது வாழ்ந்த புல்லைப் பெயர்த்ததற்கு எவரும் பொறுப்பில்லை. இறந்தபின் பாதுகாப்பு, இருக்கும்போது இல்லை. இச்சட்டத்தின் குறை இதுவே என்பது என் கருத்து.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கரையிலிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவு வரை இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது அதன் விதி. புல் செழிக்கும் பகுதியில் கணிசமானது இந்த எல்லைக்குள் அடங்கும். இவ்விதி முழுமையாக நடைமுறையில் இருந்தால், குழல்மீனின் பெயரை எந்த அட்டவணையிலும் எழுதாமலே அதற்குப் பேருதவி செய்ததாகும். நாட்டுப்படகு மீனவர்கள் பல்லாண்டுகளாகக் கேட்பதும் இதைத்தான். புல்வெளி குஞ்சு பொரிக்கும் இடம். அது போனால் நாளை வலையில் எதுவும் விழாது என்பதை அவர்கள் எந்தப் பாடநூலும் இன்றி அறிவர்.

விசைப்படகுத் தொழிலாளியின் பக்கமும் ஒன்று உண்டு. இழுவைப் படகுகளை மானியம் தந்து ஊக்குவித்தது அரசுதான். கடன்பட்டுப் படகு வாங்கியவனிடம் திடீரென்று ‘விட்டுவிடு’ என்பது அறமாகாது. 2017-இல் பாக் நீரிணைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் தொடங்கியது. படகு ஒன்றுக்கு 80 இலட்சம் ரூபாய். அதில் 70 விழுக்காடு மானியம். இலக்கு 2,000 படகுகள். இலக்குக்கு வெகு தொலைவிலேயே அது நின்றது. மீதிப் பணத்தைத் திரட்ட இயலாமையும், பல நாள் கடலில் தங்கிச் செய்யும் தொழில் பழக்கமில்லாமையும் தடைகளாயின. மாற்று வழியைக் காகிதத்தில் காட்டுவது போதாது. மாறுவதற்கான காலத்தையும் பயிற்சியையும் இழப்பீட்டையும் சேர்த்துத் தர வேண்டும். கடலைக் காக்கும் செலவை அதில் உழைப்பவன் மட்டும் ஏற்க வேண்டும் என்பது நியாயமன்று.

2022-ஆம் ஆண்டு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆவுளியா என்று நம் மீனவர் அழைக்கும் கடற்பசு கடற்புல்லையே மேய்ந்து வாழ்வது. எனவே அதற்காக ஓர் இடத்தை ஒதுக்கும்போது புல்லும் கணக்கில் வந்துவிடுகிறது. ஓர் உயிரின் பெயரை எழுதியதோடு நில்லாமல் அதன் இருப்பிடத்தையும் வரைபடத்தில் குறித்ததால், குழல்மீனுக்கு 2001-ஆம் ஆண்டின் அட்டவணையைவிட இவ்வறிவிப்பையே நான் மேலாக மதிக்கிறேன். ஆவுளியாவின் நிழலில் குழல்மீனும் ஒதுங்கிக்கொள்ளட்டும்; தவறில்லை. ஆனால் வரைபடத்துக் கோடு கடலடியிலும் இருக்கிறதா என்பதை அங்கே ஓடும் மடிகளின் எண்ணிக்கைதான் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை மாணவர்களோடு கரைக்குச் செல்லும்போது, சங்காயக் குவியலில் குழல்மீனை மட்டும் பார்த்துவிட்டு வர மாட்டேன். அதனோடு சிக்கி வந்திருக்கும் புல்லையும் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்: இலை மட்டும் அறுந்து வந்திருக்கிறதா, மண்ணடித் தண்டோடு வந்திருக்கிறதா என்று.