கல்லூரிக்குப் போகும் தம்பிக்கு யார் பதில் சொல்வது?



கடைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குச் சரக்கு எடுக்கப் போகிறோம். எத்தனை கேள்வி கேட்கிறோம்! எந்த ஊர்ச் சரக்கு, என்ன விலை, கழிவு எவ்வளவு, விற்காவிட்டால் திருப்பி எடுத்துக் கொள்வார்களா என்று நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கிறோம். அதே நாம், பெற்ற பிள்ளையின் மூன்று நான்கு வருடத்தையும் சில லட்சம் ரூபாயையும் ஒரு கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது என்ன விசாரிக்கிறோம்? 'பக்கத்து வீட்டுப் பையன் அங்கேதான் சேர்ந்தான்' என்கிறோம். 'தெரிந்த ஒருவர் சீட் வாங்கித் தருவதாகச் சொன்னார்' என்கிறோம். விசாரணை அத்தோடு முடிந்து விடுகிறது.

பிள்ளைகளிடம் கேள்விகள் இல்லாமல் இல்லை. எந்தப் படிப்பு எடுப்பது? பணம் எவ்வளவு ஆகும்? தமிழில் படித்தவனுக்கு அங்கே பாடம் புரியுமா? ஜும்ஆவுக்கு விடுவார்களா? விடுதியில் அடிப்பார்களா? இப்படிப் பத்துக் கேள்விகளோடுதான் பிளஸ் டூ முடித்த ஒவ்வொரு தம்பியும் நிற்கிறான். ஆனால் யாரிடம் கேட்பான்? வாப்பா சபுராளியாக வளைகுடாவில் இருக்கிறார். உம்மாவுக்குக் கல்லூரி வாசல் தெரியாது. அண்ணன் பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்தவர். படித்த நாலு பேரோ ஊரை விட்டுப் போய்விட்டார்கள்.

நம் வீடுகளில் திறமைக்குக் குறைவில்லை. விவரம் சொல்ல ஆளில்லாத குறைதான் பெரிய குறை.

கலாமுக்கே நேர்ந்தது

இது இன்று நேற்று வந்த குறை அல்ல. ராமேஸ்வரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை அப்துல் கலாம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் படித்தார். பட்டம் வாங்கிய பிறகுதான் தனக்கு ஏற்ற துறை பொறியியல் என்று அவருக்குத் தெரிந்தது. இண்டர்மீடியட் முடித்த கையோடேயே பொறியியலில் சேர்ந்திருக்கலாம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பி.எஸ்ஸி.யை விட்டால் வேறு மேற்படிப்பு இருப்பதே தனக்குத் தெரியாமல் இருந்ததாக 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது, கட்ட வேண்டிய சுமார் ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த மனிதருக்கே விவரம் சொல்ல ஆளில்லாமல் வருடங்கள் போயின. நம் மஹல்லாவில் இப்படி வழி தெரியாமல் பாதியிலேயே நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தலைசிறந்த கல்லூரிகளின் இளநிலை மாணவர்களில் 25 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம், முதுநிலையில் 50 பேருக்கு ஒருவர்தான் என்று 2006ல் சச்சார் கமிட்டி எழுதி வைத்ததே! வறுமை மட்டுமா அதற்குக் காரணம்? வழி தெரியாததும் காரணம் அல்லவா?

ஆகவே தம்பிமார்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே நேராகவே பதில் சொல்லிப் பார்ப்போம்.

எந்தக் கல்லூரி?

கட்டடத்தையும் விளம்பரப் பலகையையும் பார்க்காதீர்கள். மூன்று விஷயங்களை விசாரியுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? நீங்கள் சேரப் போகும் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா? அங்கே எத்தனை பேர் தேறுகிறார்கள்? பொறியியல் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே கல்லூரிவாரியாக வெளியிடுகிறது. இவற்றுக்கு மேல், அங்கே இப்போது படித்துக் கொண்டிருக்கும் ஒரு மாணவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவர் சொல்லும் விவரம் எந்தத் தரகரும் சொல்லாத விவரமாக இருக்கும்.

பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டுக் கலந்தாய்வில் இடம் தருகிறார்கள். சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகளில் 65 சதவீத இடங்களும், சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 சதவீத இடங்களும் அரசு ஒதுக்கீட்டுக்கு வருகின்றன. கலந்தாய்வில் கிடைக்கக் கூடிய இடத்தையே நன்கொடை கொடுத்து வாங்கிவிட்டுக் கைசேதப்படுவோர் நம்மில் உண்டு.

சான்றிதழில் என்ன இருக்க வேண்டும்?

2007ல் தமிழக அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத்தைத் தனியாக ஒதுக்கியது. அதைப் பெற சாதிச் சான்றிதழில் வெறுமனே 'முஸ்லிம்' என்று இருந்தால் போதாது. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் இதில் அடக்கம்), மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவுகளில் ஒன்று குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். கலந்தாய்வுக்கு முதல் நாள் இதைக் கண்டுபிடித்துத் தாலுகா ஆபீசுக்கு ஓடி என்ன பயன்? பிளஸ் டூ தேர்வு எழுதும் முன்பே சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறந்து விடாதீர்கள். 3.5 சதவீதத்தோடு நம் இடம் முடிந்து விடுவதில்லை. பொதுப் பிரிவுக்குரிய 31 சதவீதத்திலும் மதிப்பெண் இருந்தால் நம் பிள்ளைக்கு இடம் உண்டு.

கல்லூரியில் சேர்ந்த பிறகு வேறு நல்ல இடம் கிடைத்தால் அசல் சான்றிதழைத் தர மாட்டார்களே என்று பலர் பயப்படுகிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக் கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் உத்தரவிட்டிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

வீட்டில் யாருமே பட்டதாரி இல்லையென்றால் 'முதல் பட்டதாரி' சான்றிதழ் வாங்குங்கள். 2010ல் வந்த இந்தத் திட்டத்தில் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேருவோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கொடுத்துச் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பிள்ளைகளுக்கு 2020ல் மருத்துவத்திலும், 2021ல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. அதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022லும், மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024லும் தொடங்கின. அரசுப் பள்ளி என்று இளப்பமாகப் பேசும் நாம் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழில் படித்தவனால் முடியுமா?

முதல் இரண்டு மாதம் தலை சுற்றத்தான் செய்யும். எதிர் பெஞ்சில் ஆங்கிலத்தில் பொளந்து கட்டுபவனுக்கும் பாடம் புதிதுதான். அன்றன்றைக்கு நடந்த பாடத்தில் புரியாத பத்துச் சொல்லை நோட்டில் எழுதி அன்றிரவே பொருள் தெரிந்து கொண்டால், ஒரு பருவம் முடிவதற்குள் பயம் தெளிந்து விடும். கலைக் கல்லூரிகளில் பல பாடங்களைத் தமிழிலேயே படிக்கலாம். பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்தோருக்குத் தமிழக அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010ல் வந்தது. தமிழ் வழியில் படித்ததற்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை.

ஆண்டு முழுவதும் ஊர் சுற்றிவிட்டு மார்ச்சில் படித்துத் தேறும் பள்ளிக்கூடப் பழக்கம் மட்டும் இங்கே செல்லாது. கல்லூரியில் ஆறு மாதத்துக்கு ஒரு தேர்வு. கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் 25 மதிப்பெண் கல்லூரிக்குள்ளேயே போடப்படுகிறது. அதைக் கோட்டை விட்டுவிட்டு வெளித் தேர்வில் பிடிப்பது கடினம். முதல் பருவத்தில் வைக்கும் ஒரு அரியர் கடைசி வருடம் வரை கூடவே வரும்.

ஜும்ஆவுக்குப் போக முடியுமா?

வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும் என்கிறார்களே என்று தம்பிமார்கள் கவலைப்படுகிறார்கள். பருவத்துக்கு 90 நாள், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மொத்தம் 450 மணி நேரம். வாரம் ஒரு மணி வீதம் 18 வாரம் போனாலும் 18 மணி நேரம்தான். அதாவது 4 சதவீதம். இது சமாளிக்கக் கூடியதே. ஆனால் சில கல்லூரிகளில் பாடவாரியாகக் கணக்கிடுவார்கள். வெள்ளி மதியத்தில் எப்போதும் ஒரே பாடம் வந்தால் அந்தப் பாடத்தில் அடி விழும். எனவே பருவம் தொடங்கும்போதே நாலு பேராகச் சேர்ந்து முதல்வரைப் பார்த்து மரியாதையாகக் கேட்டுக் கொள்ளுங்கள். ஒரு கோரிக்கை மனுவில் தீர வேண்டியதைத் தகராறாக வளர்ப்பதும் தவறு, பயந்து வாய் மூடி இருப்பதும் தவறு.

ராகிங் செய்தால்?

1996ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 1997ல் தமிழக அரசு ராகிங்கைத் தடை செய்து சட்டம் போட்டது. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 1800-180-5522 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம். பிள்ளையிடம் இந்த எண்ணைக் கொடுத்து அனுப்புங்கள். 'ஆம்பிளைப் பிள்ளை, சமாளித்துக் கொள்' என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

பாதுகாப்பு, விடுதி, பேருந்து இவற்றையெல்லாம் விசாரிப்பது பெற்றோரின் கடமை. விசாரித்துத் திருப்தி ஏற்பட்டால் அனுப்புங்கள். விசாரிக்காமலேயே 'வேண்டாம்' என்று முடிவு கட்டாதீர்கள். 1989ல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவியைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய வாப்பாதான். பின்னாளில் அவர் நம் மாநிலத்தின் ஆளுநராகவும் வந்தார். ஒரு வாப்பாவின் சம்மதம் எங்கே கொண்டு போய்ச் சேர்க்கிறது, பாருங்கள்.

கடையில் நின்றுகொண்டே படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். 1985ல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002ல் சட்டம் இயற்றி அமைத்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நீங்கள் சேரும் படிப்புக்கு மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டால் போதும். கணக்கு எழுதும் தம்பி பி.காம். படித்தால் கடைக்கும் லாபம், அவனுக்கும் லாபம். வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்கு விடுப்புக் கொடுப்பது முதலாளிக்கு அவ்வளவு பெரிய நஷ்டமா?

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

இங்கே சொன்ன பதில்களில் எதுவும் ரகசியம் இல்லை. எல்லாம் அரசு உத்தரவுகளிலும் கல்லூரிக் கையேடுகளிலும் இருப்பவைதான். தேவைப்படுகிற வீட்டுக்கு, தேவைப்படுகிற வாரத்தில் அவை போய்ச் சேராததுதான் பிரச்சினை. 1919ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியையும், 1951ல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும் சென்னையில் புதுக்கல்லூரியையும் எழுப்பியதில் தோல் வியாபாரிகள் போன்ற நம் முன்னோர்களின் பணமும் உழைப்பும் உண்டு. அவர்கள் கல்லூரி கட்டினார்கள். கல்லூரிக்கு வழி சொல்வதைக்கூட நாம் செய்யக் கூடாதா?

வங்கியில் நான்கு லட்சம் வரை பிணை இல்லாமல் கல்விக் கடன் தருகிறார்கள். வட்டி என்பதால் நம்மவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் சரியானது. ஆனால் 'வட்டிக்கு வாங்காதே' என்று சொல்லும் சமுதாயம் வேறு வழி காட்ட வேண்டாமா? ஐம்பது கடைகள் உள்ள ஒரு கடைத்தெருவில் கடைக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய் எடுத்து வைத்தால், 300 நாளில் ஒன்றரை லட்சம் சேரும். அதை அழகிய கடனாகக் கொடுத்து, வேலைக்குப் போன பின் திருப்பி வாங்கி, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஜொஹராக்கள் வளையலைக் கழற்ற வேண்டி வராது.

பணத்துக்கு முந்திய உதவி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேசை போடுங்கள். ஊரில் படித்த, படிக்கிற இருவரை அங்கே உட்கார வையுங்கள். சான்றிதழைப் பார்த்துச் சொல்லட்டும், விண்ணப்பம் நிரப்பித் தரட்டும். பெண் பிள்ளைகளுக்குப் படித்த சகோதரிகளைக் கொண்டு தனியே ஏற்பாடு செய்யுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது, அந்த மேசை எப்போது போடப்படும் என்று உங்கள் முத்தவல்லியிடம் கேளுங்கள்.