கைப்பேசியைக் கூடத்திற்குக் கொண்டுவாருங்கள்

சென்ற பள்ளி விடுமுறையின்போது பெற்றோர் ஒருவர் என்னை அழைத்தார். நான்காம் ஆண்டு மாணவனின் தந்தை. "ஐயா, பையன் எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான். அதைத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். இணைத்துக் கொடுத்தால் இன்னும் கெட்டுப் போய்விடுவானோ?" என்று கேட்டார்.

தயங்காமல் இணைத்துக் கொடுங்கள் என்றேன். அவருக்கு வியப்பு. ஆசிரியராயிற்றே, கைப்பேசியைப் பிடுங்கி வையுங்கள் என்பார் என்று எதிர்பார்த்திருப்பார் போலும்.

படம் பெரிதாகத் தெரியும் என்பதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு தலையணையோரத்தில் கிடக்கும் பிள்ளை எதைப் பார்க்கிறான் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதைவிட எனக்குப் பெருங்கவலை ஒன்றுண்டு. பார்த்ததைப் பற்றி அவன் யாரிடமும் பேசுவதில்லை. வகுப்பில், நேற்றுப் பார்த்த காணொலி ஒன்றின் கதையைச் சொல் என்று கேட்டுப் பாருங்கள். "அது வந்து... அவன் வந்து... அப்புறம் சண்டை" என்பதோடு முடிந்துவிடும். மூன்று மணி நேரம் பார்த்த கதையை மூன்று வாக்கியத்தில் சொல்லத் தமிழ் வரவில்லை. அறிவுக் குறைவன்று, சொல்லிப் பழகவில்லை, அவ்வளவே.

அதே காணொலி வீட்டுக் கூடத்தில் ஓடினால் பாட்டி சும்மா இருப்பாரா? "யாருடா அவன்? எதற்கு அழுகிறான்? அந்த நாய் யாருடையது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். படம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்தால் இன்னும் நல்லது. பேரன் சலித்துக்கொண்டாவது அவருக்குத் தமிழில் விளக்கியாக வேண்டும். நான் வகுப்பில் அரை மணி நேரம் போராடி நடத்தும் வாய்மொழிப் பயிற்சி அங்கே தானாகவே நடந்துவிடுகிறது.

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 திசம்பரில் தொடங்கியது. கல்வித் தொலைக்காட்சி 1972இல் வந்தது. நான் வளர்ந்த தோட்டத்து லயத்திலோ வெகுகாலம் ஒரே ஒரு வீட்டில்தான் பெட்டி இருந்தது. படம் போடும் நாளில் கூடம் நிறைந்து, சன்னலிலும் தலைகள் தெரியும். படத்தைவிட அதைப் பற்றிய பேச்சே மிகுதி. மறுநாள் பால்வெட்டுக்குப் போகிறவர்களிடையே வில்லனுக்குச் சாபம் தொடரும். அக்காலம் திரும்பாது, திரும்ப வேண்டும் என்றும் நான் ஏங்கவில்லை. அந்தப் பேச்சு மட்டும் ஒரு வீட்டுக்குள்ளாவது மிஞ்சட்டுமே.

இனி, இணைக்கும் வகை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தத் தந்தையும் கடைக்காரர் பேச்சைக் கேட்டு, கைப்பேசியின் மின்னூட்டத் துளையில் செருகும் இணைப்பான் ஒன்றை வாங்கிவந்து, திரையில் ஒன்றும் தோன்றாமல் விழித்திருக்கிறார். யூ.எஸ்.பி.-சி துளை எல்லாக் கைப்பேசியிலும் ஒரே வடிவந்தான். ஆயினும் எல்லாத் துளையும் படத்தை வெளியே அனுப்பாது. விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் அந்த வசதியே கிடையாது. ஆகவே, வாங்குமுன் கடையிலேயே செருகிப் படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கம்பியில்லா வழி இரண்டு. ஒன்றில், கைப்பேசித் திரை அப்படியே தொலைக்காட்சியில் தெரியும். கைப்பேசியில் சேமித்த காணொலியை இணையம் இல்லாமலேயே காட்டலாம். மற்றொன்றில், கைப்பேசி கட்டளை மட்டும் இடும். தொலைக்காட்சியே இணையத்திலிருந்து காணொலியை எடுத்துக்கொள்ளும். இதற்குப் பொதுவாக இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். முதல் வழியில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒருமுறை வகுப்பில் நான் பாடக் காணொலியைக் காட்டிக்கொண்டிருக்க, "வரும்போது கத்தரிக்காய் வாங்கி வாங்க" என்ற புலனச் செய்தி திரையின் உச்சியில் தோன்றியது. அன்று முழுவதும் மாணவர்களுக்குக் கத்தரிக்காய்தான் பாடம். அறிவிப்புகளை அடைத்துவிட்டு இணைப்பது நல்லது.

இதை எழுதும்போது எனக்கே உறுத்தும் ஒன்று உண்டு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் அடைபட்டபோது, ஒரு கைப்பேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்த வீடுகளை நான் அறிவேன். உள்ளங்கை அளவுத் திரையில் பின்னக் கணக்கைப் பார்த்து எழுதினார்கள். அவற்றுள் சில வீடுகளின் கூடத்தில் பெரிய தொலைக்காட்சி சும்மா நின்றது. இல்லிருப்புக் கற்றல் என்று சொல்லி நாளும் இணைப்புகளை அனுப்பிக்கொண்டிருந்த நாங்கள், அந்தப் பெட்டியையும் பயன்படுத்தலாம் என்று பெற்றோருக்கு ஒரு வரி எழுதவில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை.

பெரிய திரையை வைத்துவிட்டுப் பெரியவர்கள் எழுந்து போய்விட்டால் எல்லாம் வீண் என்பதையும் அந்தத் தந்தையிடம் சொன்னேன். ஒன்று முடிந்தால் மற்றொன்று தானே ஓடும் அமைப்பை முதலில் நிறுத்தி வைக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. கூடத்துத் திரைக்கும் அது பொருந்தும்.

பள்ளி திறந்தபின் அவரைச் சந்தித்தேன். இப்போது வீட்டில் வேறு வழக்காம். தொலைக்காட்சியைப் பாட்டி பிடித்துக்கொண்டாராம். பழைய படங்களின் பெயரை அவர் சொல்லச் சொல்ல, பையன் தமிழிலேயே தட்டித் தேடிக் கொடுக்கிறானாம். 'ர' வரவேண்டிய இடத்தில் இன்னமும் 'ற' போடுகிறான் என்று அவர் வருத்தப்பட்டார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.