நாய்க்குத் தெரிந்தது அதிகாரிகளுக்குத் தெரியவில்லை

இத்தனை எதிர்ப்புக்குப் பிறகும் அதிகாரிகள் மசியவில்லை. லண்டனில் நம் பகுதிப் பிரதான சாலையிலும் 'மிதக்கும் பஸ் நிறுத்தங்கள்' வந்தே தீரும் என்று முடிவாகிவிட்டது. நடைபாதைக்கும் பஸ் நிற்கும் திட்டுக்கும் நடுவே சைக்கிள் தடம் ஓடும். பஸ் ஏற வருபவர் அதைக் கடந்துதான் திட்டை அடைய வேண்டும். வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கிறது. அந்த வரைபடத்தைப் பார்க்க முடியாதவர்கள் சொன்னதுதான் யார் காதிலும் ஏறவில்லை.

ஒரு வழிகாட்டி நாயைப் பஸ்ஸுக்குப் பழக்குவது எத்தனை பேருடைய உழைப்பு என்று இவர்களுக்குத் தெரியுமா? வளர்ப்பு வீட்டில் ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே குட்டியைக் கூட்டத்துக்கும், பஸ் கதவின் சீறலுக்கும், பிரேக் குலுக்கலுக்கும் பழக்குகிறார்கள். பிறகு பயிற்றுநரிடம் போகிறது. ஏறத்தாழ இரண்டு வயதில் பார்வையற்ற ஒருவருடன் சேர்க்கப்படுகிறது. அதன்பின் இருவருக்கும் சேர்த்தே பாடம்: நிறுத்தக் கம்பத்தைக் கண்டுபிடிப்பது, கதவருகே காத்திருப்பது, வாலை யாரும் மிதித்துவிடாதபடி இருக்கைக்கு அடியில் சுருண்டு படுப்பது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நடைபாதை விளிம்பு வந்தால் நாய் நிற்க வேண்டும். கடப்பதா வேண்டாமா என்பதை நாய் முடிவு செய்வதில்லை. சேணப்பிடியைப் பிடித்திருக்கும் மனிதர்தான் காதால் கேட்டு முடிவு செய்கிறார். புதிய நிறுத்தம் இந்த இரண்டையும் கெடுக்கிறது. பல இடங்களில் சைக்கிள் தடத்தை நடைபாதை மட்டத்துக்கே உயர்த்திவிடுகிறார்கள். விளிம்பே இல்லாத இடத்தில் நாய் எதைக் கண்டு நிற்கும்? சைக்கிளுக்கோ சத்தமில்லை, மின்சார சைக்கிளுக்குச் சத்தமும் இல்லை, பொறுமையும் இல்லை. வரிக்கோடு போட்டிருக்கிறோமே என்கிறார்கள். தாருக்கு மேல் பூசிய வெள்ளைச் சாயம் கேட்கிற காதுக்கு எந்தச் சேதியும் சொல்லாது. இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம். திட்டே இல்லாத வகை ஒன்று இருக்கிறது. அதில் பஸ் கதவு நேராகச் சைக்கிள் தடத்தில்தான் திறக்கும்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு லாரிச் சக்கரத்திலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. அதற்கான விலையைப் பார்வையற்றவர் ஏன் கொடுக்க வேண்டும்?

இந்த மூளைகள் இப்படி யோசிப்பது முதல் தடவையும் அல்ல. நடைபாதையையும் சாலையையும் ஒரே மட்டமாக்கும் மோகம் ஒரு காலத்தில் இவர்களைப் பிடித்து ஆட்டியது. லண்டன் எக்ஸிபிஷன் சாலை 2012 ஒலிம்பிக்குக்கு முன்பே அப்படி மாறியது. ஓட்டுநரும் நடப்பவரும் கண்ணோடு கண் பார்த்து வழிவிட்டுக்கொள்வார்கள் என்பது அதன் தத்துவம். கண்ணோடு கண்! பார்வையற்றோர் வாழும் ஊரில் இதைக் கூச்சமில்லாமல் எழுதி வைத்தார்கள். ஊரெல்லாம் பரவிய பிறகு, 2018இல்தான், இனி வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்று அரசிடமிருந்து கடிதம் வந்தது.

பேசும் பஸ் கதை அதைவிடக் கேவலம். அடுத்த நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கும் வசதி லண்டன் பஸ்களுக்கு வந்து எத்தனையோ காலமாகிறது. மற்ற ஊர்களுக்கும் வர வழிசெய்யும் சட்டம் 2017இல் நிறைவேறியது. விதிமுறை எழுத 2023 வரை ஆயிற்று. பஸ் நிறுவனங்களுக்குத் தந்த இறுதிக் கெடு 2026 அக்டோபர். சட்டம் வந்த ஆண்டில் பிறந்த நாய்க்குட்டி பயிற்சி முடித்து, உழைத்து, ஓய்வு பெறும் வயதையே நெருங்கிவிட்டது. இந்த வேகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, நிறுத்தத்தை மட்டும் இடித்துக் கட்ட அவசரமோ அவசரம்.

2010 சமத்துவச் சட்டம் பொது அமைப்புகள் மீது சுமத்தியிருக்கும் கடமை, கருத்துக் கேட்புப் படிவத்தில் ஒரு கட்டத்தை டிக் அடிப்பதோடு முடிகிற காரியம் இல்லை. முதலில் வேலையை நிறுத்துங்கள். நாயோடும் வெள்ளைக் கோலோடும் அன்றாடம் பஸ் ஏறுகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். உருப்படியாக ஏதாவது செய்யுங்கள்.

நீரிழிவால் பார்வை மங்கிவரும் பெரியவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். நாளை அந்தச் சைக்கிள் தடத்தில் நிற்கப் போவது அவர்கள்தான். வாசகர்கள் இன்றே தங்கள் கவுன்சிலருக்கு எழுதுங்கள்.