நிறைந்த வீட்டில் ஒரு தனிமை

பேய்க் கதை என்றதும் நம் மனக்கண்முன் வருவது என்ன? பாழடைந்த பங்களா, கிறீச்சிடும் கதவு, நடுநிசியில் அணைந்து போகும் விளக்கு! ஆங்கிலத்தில் ‘காதிக்’ கதைகள் என்று சொல்கிறார்களே, அவற்றுக்கு இவையெல்லாம் சீர்வரிசை மாதிரி. ஊரை விட்டு ஒதுங்கிய மாளிகையும் அதில் தனியே அகப்பட்டுக்கொண்ட பெண்ணும் இல்லாவிட்டால் கதையே நகராது.

ஷர்லி ஜாக்ஸன் என்ற அமெரிக்கப் பெண்மணி தம் சிறுகதைகள் பலவற்றில் இந்தச் சீர்வரிசையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்கு மாளிகை வேண்டாம், மளிகைக் கடையே போதும்!

1950-ல் வெளிவந்த அவருடைய கதை ஒன்று. நியூயார்க்கிலிருந்து ஏரிக்கரை வீட்டுக்கு வருஷா வருஷம் கோடைக்கு வரும் வயதான தம்பதி, இந்தத் தடவை இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவோமே என்று எண்ணுகிறார்கள். தவறு ஒன்றுமில்லையே? ஆனால் சொல்லிவைத்தாற்போல் மண்ணெண்ணெய்க்காரர் இல்லையென்கிறார். மளிகைக்காரர் சாமான் கொண்டு வந்து போட மறுக்கிறார். கார் கிளம்பவில்லை. டெலிபோனும் ஓய்ந்துவிடுகிறது. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். இருட்டும்போது கிழவரும் கிழவியும் நெருங்கி உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். எதற்காக என்று கதை சொல்லவேயில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இப்படி எழுதியவர் தன்னந்தனியாக வாழ்ந்தவர் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. வெர்மாண்ட் மாகாணத்தில் நார்த் பென்னிங்டன் என்ற சிற்றூரில் நாலு குழந்தைகள், பூனைகள், ஆயிரக்கணக்கான புத்தகங்கள், ஓயாத விருந்தாளிகள் என்று நிறைந்து வழிந்தது அவர் வீடு. கணவர் ஸ்டான்லி எட்கர் ஹைமன் கல்லூரி ஆசிரியர், பேர் பெற்ற விமரிசகர். ஆனால் சமையலும் குழந்தைகளும் அம்மாள் பொறுப்பு. கணவரைவிட அதிகமாகச் சம்பாதித்ததும் அம்மாள்தான்! பெண்கள் பத்திரிகைகளுக்கு வீட்டுக் கூத்துக்களை வேடிக்கையாக எழுதியே பணம் வந்தது.

மூன்றாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது தொழில் என்ன என்று கேட்டார்களாம். எழுத்தாளர் என்றார். பதிவு செய்த பெண்ணோ, ‘இல்லத்தரசி’ என்றே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாளாம். இதையும் தமாஷாகத்தான் எழுதியிருக்கிறார். அந்தக் குமாஸ்தாவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்!

1948 ஜூன் 26-ந் தேதி ‘நியூயார்க்கர்’ இதழில் ‘லாட்டரி’ என்ற அவருடைய கதை பிரசுரமாயிற்று. கிராமத்து மைதானத்தில் வருஷாந்தரச் சீட்டுக் குலுக்கல். பாத்திரம் தேய்த்துவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தாமதமாக ஓடி வருகிறாள் ஓர் இல்லத்தரசி. சீட்டு அவள் பேரில் விழுகிறது. சற்று முன் அவளோடு சிரித்துப் பேசிய அடுத்த வீட்டுக்காரி என்ன செய்கிறாள் என்பதை நான் சொல்லப் போவதில்லை, நீங்களே படியுங்கள்.

அந்தக் கோடையில் முந்நூறுக்கு மேல் கடிதங்கள் வந்தன. அன்பாக எழுதியவை பதின்மூன்றுதானாம். அவையும் பெரும்பாலும் சிநேகிதர்கள் எழுதியவை. பெற்ற தாயே கதை பிடிக்கவில்லை என்று எழுதினாள். ஊரார் பார்வையும் வர வர இறுகிற்றென்று அவர் மனசில் பட்டது.

1962-ல், கிராமத்தாருக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் இரு சகோதரிகளைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதன் பின் நடந்ததுதான் விபரீதம். வாசற்படி தாண்ட அவருக்கே பயம் வந்துவிட்டது! மாதக்கணக்கில் வெளியே போகவில்லை. கற்பனை செய்த சிறையே நிஜமாகிவிட்டதா, நிஜத்தைத்தான் முன்கூட்டி எழுதினாரா என்று யார் சொல்வது? எனக்கென்னவோ இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

மனோ வைத்தியரின் உதவியால் மெல்ல மெல்ல வெளியே நடமாடத் தொடங்கினார். பிரசங்கங்கள் கூடச் செய்தார். புது நாவலும் ஆரம்பித்தார். 1965 ஆகஸ்ட் 8-ந் தேதி பிற்பகல், சற்றுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்தெட்டு.

பாதியில் நின்றுபோன அந்த நாவலில் பயமே இல்லை. புருஷனை இழந்த ஒருத்தி வீட்டை விற்றுவிட்டு, முன்பின் தெரியாத ஊருக்குப் போய், தனக்குத் தானே ஒரு புதுப் பெயர் சூட்டிக்கொண்டு உற்சாகமாக இடம் தேடுகிறாள்.