முற்றம் இல்லாத வீட்டில் துளசி: 12 வோல்ட்டில் ஒரு குட்டி வெயில்

புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் மலர், காய், கனி கண்காட்சி பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு, வழியில் ஒரு நர்சரி கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தாமல் இருக்க முடியாது. ஒரு துளசி, ஒரு புதினா, ஒரு கற்பூரவல்லி என்று தொட்டிகள் வீட்டுக்கு வந்துவிடும். முதல் வாரம் செடி செழிப்பாக இருக்கும். மூன்றாவது வாரம் தண்டு மட்டும் நீண்டு, இலை சிறுத்து, வெளிறி, ஜன்னல் பக்கம் சாயத் தொடங்கும். 'தண்ணீர் போதலை போல' என்று இன்னொரு சொம்பு ஊற்றுவோம். ஒரு மாதத்தில் வேர் அழுகிச் செடி போய்விடும்.

உண்மையில் அந்தச் செடி செத்தது பட்டினியால். செடிக்கு ஒளிதான் சாப்பாடு. ஒளி குறைந்தால் அது தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும். குடிக்காத தண்ணீர் தொட்டியிலேயே தேங்கி வேரை அழுக வைக்கிறது.

முற்றம் செய்த வேலை

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் பழைய தமிழர் வீடுகளைக் கவனித்திருப்பீர்கள். தெருவைப் பார்த்துத் திண்ணை, தாழ்வாரம். பக்கத்து வீட்டோடு ஒட்டிய பக்கச் சுவர். நடுவில் வானம் பார்த்த முற்றம். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க இடமில்லாத வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது அந்த முற்றம்தான். துளசி மாடம் அங்கே இருந்ததில் ஆச்சரியமில்லை.

இன்று லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களின் ஜன்னல், பல நேரம் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்திருக்கிறது. இதோடு வடகிழக்குப் பருவமழை சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ-க்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு பெரிய புயல் இல்லாவிட்டாலும், ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து நாலு நாள் வெயில் முகமே தெரியாமல் போவது இங்கே சகஜம்.

வெயிலை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. ஆனால், செடிக்குத் தேவையான அளவு வெளிச்சத்தை எல்.இ.டி விளக்கால் கொடுக்க முடியும். நாமே செய்துகொள்ளவும் முடியும். செய்யும் முறை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போனை எடுங்கள், அளந்து பாருங்கள்

முதல் வேலைக்குச் செலவே இல்லை. 'லக்ஸ் மீட்டர்' என்று தேடினால் வெளிச்சத்தை அளக்கும் இலவச ஆப்கள் கிடைக்கும். செடியின் இலை இருக்கும் இடத்தில் போனை வைத்து, திரை மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அளந்து பாருங்கள். எண் துல்லியமாக இருக்காது. ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு ஒப்பிட இது போதும்.

உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ். மேகமூட்டமான நாளில் வெளியே 10,000 முதல் 20,000 வரை. ட்யூப் லைட் எரியும் ஹாலில் பெரும்பாலும் 150 முதல் 300 லக்ஸ்தான்! நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. செடிக்குத் தெரியும்.

எதற்கு எவ்வளவு? 12 முதல் 14 மணி நேரம் விளக்கு எரியும் என்று வைத்துக்கொண்டால், தோராயமான கணக்கு இது:

• மணி பிளான்ட் போன்ற நிழல் செடிகள்: 1,000 முதல் 3,000 லக்ஸ்
• விதை முளைத்த நாற்றுகள்: 7,000 முதல் 10,000 லக்ஸ்
• கீரை, கொத்தமல்லி, புதினா, துளசி: 10,000 முதல் 15,000 லக்ஸ்
• தக்காளி, மிளகாய், கத்தரி: இதைவிட மிக அதிகம். இவற்றை மாடிக்கே அனுப்பிவிடுங்கள்.

ஊதா விளக்கு அவசியமா?

'க்ரோ லைட்' என்று தேடினால் ஊதா நிறத்தில் ஒளிரும் விளக்குகள் வரிசையாக வரும். அதற்குக் காரணம் உண்டு. இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் நம் கண்ணுக்கு ஊதா.

ஆனால், பச்சை ஒளி வீண் என்று நினைப்பது தவறு. 1972-ல் மெக்கிரி என்ற விஞ்ஞானி 22 வகைப் பயிர்களை வைத்து அளந்து வெளியிட்ட ஆய்விலேயே, பச்சை, மஞ்சள் ஒளியையும் செடிகள் நன்றாகவே பயன்படுத்துவது தெரியவந்தது. விண்வெளி நிலையத்தில் நாசா வைத்த 'வெஜ்ஜி' என்ற சின்னத் தோட்டத்திலும் சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்.இ.டி-யும் உண்டு. 2015 ஆகஸ்ட்டில் விண்வெளி வீரர்கள் அதில் விளைந்த லெட்யூஸ் கீரையைச் சாப்பிட்டார்கள்.

நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி-யின் உள்ளே இருப்பதும் நீல எல்.இ.டி-தான். அதன் மேல் பூசிய ஒளிரும் பூச்சு, நீலத்தில் ஒரு பகுதியைப் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றித் தருகிறது. அந்த நீல எல்.இ.டி-யைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்குத்தான் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, வீட்டுச் செடிக்குச் சாதாரண வெள்ளை விளக்கே போதும். இன்னொரு லாபமும் உண்டு. ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதும் பூச்சி விழுந்திருப்பதும் தெரியாது. வெள்ளையில் பளிச்செனத் தெரியும்.

ஒயர் தொடாமல் ஒரு வழி

ஒன்றிரண்டு தொட்டிதான் என்றால் எதையும் வெட்டி ஒட்ட வேண்டாம். குடை போன்ற மூடி உள்ள ஒரு மேஜை விளக்கு, அதில் 9 வாட் எல்.இ.டி பல்பு. செடியின் நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். தொட்டி அளவுள்ள வட்டத்தில் 6,000 லக்ஸ் வரை கிடைக்கும். ஜன்னல் வெளிச்சமும் கொஞ்சம் இருந்தால் துளசி தாக்குப்பிடித்துவிடும்.

தூரம்தான் இதில் முக்கியம். பல்பை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். கூரையில் எரியும் விளக்கால் செடிக்குப் பெரிய பயன் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

நாமே செய்யும் 12 வோல்ட் விளக்கு

2 அடி நீளம், 1 அடி அகலமுள்ள ஒரு ஷெல்ஃப் தட்டுக்கான விளக்கு இது. ஏழெட்டுச் சின்னத் தொட்டிகளை இதன் அடியில் வைக்கலாம்.

தேவையானவை: 12 வோல்ட் வெள்ளை எல்.இ.டி ஸ்ட்ரிப் 5 மீட்டர் (மீட்டருக்கு சுமார் 10 வாட்), 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், 2 அடிக்கு 1 அடி அலுமினியத் தகடு, ஸ்ட்ரிப்பை இணைக்கும் கிளிப்கள், சிவப்பு, கறுப்பு ஒயர், டைமர் பிளக்.

அடாப்டர் கணக்கு எளிது. 5 மீட்டருக்கு 50 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 4.2 ஆம்பியர். எப்போதும் முழு பாரத்தில் ஓடினால் அடாப்டர் சூடாகும். அதனால் கொஞ்சம் கூடுதலாக 5 ஆம்பியர்.

1. அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் கடையில் தகட்டை வெட்டி, ஓரங்களைத் தேய்த்துக் கூர் இல்லாமல் வாங்குங்கள். நாலு மூலையிலும் தொங்கவிடத் துளை போட்டுக்கொள்ளுங்கள்.
2. ஸ்ட்ரிப்பை 60 செ.மீ நீளத்துக்கு 8 துண்டாக வெட்டுங்கள். அதில் கத்தரிக்கோல் குறி போட்ட கோட்டில் மட்டுமே வெட்ட வேண்டும். வேறு இடத்தில் வெட்டினால் அந்தப் பகுதி எரியாது.
3. தகட்டைத் துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, துண்டுகளைச் சம இடைவெளியில் ஒட்டுங்கள். எல்.இ.டி-யின் சூட்டைத் தகடுதான் வாங்கிக்கொள்ளும். அட்டையிலோ தெர்மாகோலிலோ ஒட்டினால் சூடு வெளியேறாமல் விளக்கு சீக்கிரம் மங்கும், பசையும் விட்டுப்போகும்.
4. எல்லாத் துண்டுகளின் பிளஸ் முனையையும் சிவப்பு ஒயரில், மைனஸ் முனையையும் கறுப்பு ஒயரில் சேருங்கள். ஒன்றன் வாலில் ஒன்றாக நீட்டினால் கடைசித் துண்டு மங்கலாக எரியும். வெட்டிய முனைகள் தகட்டைத் தொடாதபடி இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.
5. இணைப்புகளை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, கடைசியாக அடாப்டரைச் செருகுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். தகடு வெதுவெதுப்பாக இருக்கலாம்; கை வைக்க முடியாத சூடு கூடாது.

இதைச் செடி நுனியிலிருந்து 15 முதல் 20 செ.மீ உயரத்தில் தொங்கவிட்டால் சுமார் 10,000 லக்ஸ் எதிர்பார்க்கலாம். போனில் அளந்து பார்த்து உயரத்தைக் கூட்டிக் குறையுங்கள். செடி வளர வளர விளக்கையும் மேலே ஏற்ற வேண்டும் என்பதால், கயிறோ சங்கிலியோ நல்லது.

இதை மட்டும் செய்யாதீர்கள்

ஏன் 12 வோல்ட்? செடி இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும். ஸ்பிரே அடிப்போம், ஈரக் கையால் தொட்டியை நகர்த்துவோம், குழந்தைகள் எட்டிப் பார்ப்பார்கள். நல்ல அடாப்டர் 230 வோல்ட்டைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு 12 வோல்ட்டை மட்டும் செடிப் பக்கம் அனுப்புகிறது.

ஆன்லைனில் 'டிரைவர் தேவையில்லை, நேரடியாக 220 வோல்ட்' என்று சதுரமான எல்.இ.டி சிப்கள் மலிவாக விற்கப்படுகின்றன. வீடியோக்களில் அதை ஒரு தகட்டில் திருகி, இரண்டு ஒயரைப் பிளக்கில் செருகிக் காட்டுவார்கள். எரியும், பிரகாசமாகவே எரியும். ஆனால், வீட்டு மின்சாரத்துக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய காப்புப் படலம் மட்டுமே. சூட்டிலோ ஈரத்திலோ அது பழுதானால் தகடு முழுக்க 230 வோல்ட். ஈரக் கையோடு தொட்டால் உயிருக்கே ஆபத்து. செடி வளர்க்க ஆசைப்பட்டு வீட்டில் இப்படி ஒன்றைத் தொங்கவிட வேண்டாம். ஏற்கெனவே செய்து வைத்திருந்தால், இன்றே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

அடாப்டர் வாங்கும்போது பி.ஐ.எஸ் முத்திரையையும் பதிவு எண்ணையும் பாருங்கள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய அடாப்டர் மலிவாகக் கிடைத்தாலும், இந்த வேலைக்கு வேண்டாம். அடாப்டரைத் தண்ணீர் படாதபடி செடிகளுக்கு மேலே, தள்ளி வையுங்கள். ஒயர் ஒரு முறை கீழே தொங்கிவிட்டுப் பிறகு பிளக்குக்கு ஏறட்டும். அப்போதுதான் ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும். தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள். வீட்டில் மின்கசிவைக் கண்டு தானாகத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடல் காற்றின் உப்பு இணைப்புகளை அரிக்கும் ஊர் இது. மாதம் ஒரு முறை கிளிப்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ராத்திரியில் அணைக்கலாமா?

கட்டாயம் அணைக்க வேண்டும். 12 முதல் 14 மணி நேரம் போதும். இருட்டும் செடிக்குத் தேவை. குறிப்பாகச் சாமந்திக்கு நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். ஓசூர்ப் பக்கம் சாமந்தி வளர்ப்பவர்கள் இரவில் பல்பு எரிய விடுவது இதைத் தெரிந்துதான். பூ முன்கூட்டியே வந்துவிடாமல் தள்ளிப்போட்டு, செடியை முதலில் வளர விடுகிறார்கள். நம் வீட்டு ஹாலில் நள்ளிரவு வரை விளக்கு எரிந்தால் சாமந்தி பூக்காமலே போகலாம்!

டைமர் பிளக் இருந்தால் மறதிக்கு இடமில்லை. ஆனால், சுழலும் வட்டத் தட்டு உள்ள டைமர், கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். மின்தடைக்குப் பிறகு நேரத்தைச் சரிசெய்துவிடுங்கள்.

கரன்ட் பில் எகிறுமா?

50 வாட் விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 0.7 யூனிட், மாதம் 21 யூனிட். அடாப்டர் எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் 24 யூனிட் வரை வரும். மேஜை விளக்குக்கு மாதம் 4 யூனிட்கூட ஆகாது. உங்கள் பில்லில் ஒரு யூனிட் என்ன விலை என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் காசுக்கு மார்க்கெட்டில் இதைவிட அதிகமாகவே கீரைக்கட்டு கிடைக்கும். அதனால் கீரைச் செலவை மிச்சப்படுத்த இந்த விளக்கு வேண்டாம். மழைக்காலத்தில் நாற்றுகளைக் காப்பாற்றி, தை பிறந்ததும் மாடிக்கு ஏற்றுவதற்கு இது உதவும். கஷாயத்துக்கு நாலு கற்பூரவல்லி இலை, ரசத்துக்கு ஒரு பிடி கொத்தமல்லி, படி ஏற முடியாத பாட்டிக்குக் கை எட்டும் தூரத்தில் ஒரு துளசி. இதற்காக என்றால் தாராளமாகச் செய்யலாம்.

விளக்கு போட்டதும் பழைய இலை மாறாது. வெளிறியது வெளிறியதுதான். புதிதாக வரும் இலையைப் பாருங்கள். இரண்டு வாரத்தில் அது முந்தியதைவிடப் பெரிதாக, கரும்பச்சையாக, கணுவுக்குக் கணு நெருக்கமாக வந்தால், வெளிச்சம் போதும். இன்னும் நீண்டுகொண்டே போனால் விளக்கை நாலு விரற்கடை இறக்குங்கள். நுனி இலை வெளுத்துக் காய்ந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். தண்ணீரை மட்டும், மேல் மண்ணில் விரல் வைத்துப் பார்த்து, காய்ந்த பிறகு ஊற்றுங்கள்.