நெய்வேலிக் கரியும் வேர்க்கடலை முடிச்சும்

சென்ற தை மாதம் நெய்வேலிக்குப் போய் அத்தான் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். அத்தான் அங்கே யூரியாத் தொழிற்சாலையில் வெகுகாலம் உத்தியோகம் பார்த்தவர். ஓய்வு பெற்றபின் டவுன்ஷிப் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஊருக்குச் சற்று வெளியே ஓர் ஏக்கர் நிலமும் ஒரு சிறு வீடுமாகக் குடியிருக்கிறார். நெய்வேலியைப் பஸ்ஸிலிருந்து மட்டும் பார்த்த நேயர்களுக்குப் புகைபோக்கிகள்தாம் ஞாபகம் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் நூல் பிடித்தாற் போன்ற வீதிகளும், வீதிக்கு இருபுறமும் கிளை கோத்து நிற்கும் மரங்களும், எண் போட்ட பிளாக்குகளும், காம்பௌண்டு சுவருக்குமேல் எட்டிப் பார்க்கும் மாமரங்களுமாக, வெயிலுக்குப் பேர்போன தென்னார்க்காட்டில் இப்படி ஓர் இடமா என்று ஆச்சரியமாயிருக்கும்.

1930-ஆம் ஆண்டுகளில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதும், அது பழுப்பு நிலக்கரி என்று பிறகு நிச்சயமாயிற்று என்பதும் பலரும் அறிந்த கதை. 1956-இல் கம்பெனி ஏற்பட்டது. 1957-இல் பண்டித நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரியைக் கொண்டு மின்சாரம் எடுத்தது உலகறிந்த விஷயம். ஆனால் அதே கரியைக் கொண்டு நெற்பயிருக்குச் சாப்பாடு தயார் செய்தார்கள் என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1966-இல் வேலை தொடங்கிய யூரியாத் தொழிற்சாலை ஆண்டுக்கு 1,52,000 டன் யூரியா செய்வதற்காக அமைக்கப்பட்டது. கரியை வாயுவாக்கி அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிப்பார்கள். காற்றைக் குளிர வைத்து அதிலிருந்து நைட்ரஜனைப் பிரிப்பார்கள். இரண்டையும் ஏறக்குறைய 450 டிகிரி உஷ்ணத்தில், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்தில், இரும்புத்தூளின்மேல் செலுத்தினால்தான் அவை மனமிசைந்து கூடி அம்மோனியா ஆகும். பிற்காலத்தில் கரிக்குப் பதிலாக எரியெண்ணெயை உபயோகித்தார்கள். அதுவும் கட்டுப்படியாகவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அத்தான் அதைப்பற்றிப் பேசும்போது இறந்துபோன யானையைப்பற்றிப் பாகன் பேசுவதுபோல் இருக்கும்.

இரண்டாம் நாள் காலையில் தம் நிலத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். பூவெடுக்கும் பருவத்தில் வேர்க்கடலை நின்றது. ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கி மண்ணை உதறி என் கையில் கொடுத்தார். வேரில் கேழ்வரகு தானியம் அளவுக்குச் சிறு முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பூச்சி விழுந்திருக்கிறதே, அத்தான்!" என்றேன்.

"பூச்சியா? நகத்தால் கிள்ளிப் பாருங்கள், மாப்பிள்ளை" என்றார்.

கிள்ளினேன். உள்ளே இரத்தச் சிவப்பு!

"நாங்கள் மூன்று ஷிப்டு வேலை பார்த்து, மலைபோல் கரியைக் கொட்டிச் செய்த காரியம் இதுதான். இங்கே அடுப்பும் இல்லை, சங்கும் ஊதுவதில்லை" என்றார் அத்தான்.

அந்தச் சிவப்பு உண்மையில் இரத்தத்துக்கு உறவுதான். நம் உடம்பில் ஓடும் ஹீமோகுளோபினின் இனத்தைச் சேர்ந்தது என்று 1939-இல் குபோ என்னும் ஜப்பானிய விஞ்ஞானி கண்டார். அது அங்கே எதற்காக இருக்கிறது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜன் இருக்கிறது. பயிருக்கும் நமக்கும் உடம்பு வளர அது இன்றியமையாதது. ஆயினும் காற்றிலுள்ள நைட்ரஜனால் பயிருக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை. காரணம், அதன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டிருக்கின்றன. அதுவும் ஒரு கையால் அன்று, மூன்று கைகளால்! அந்தப் பிடியை விடுவிக்கத்தான் நெய்வேலியில் அத்தனை உஷ்ணமும் அழுத்தமும் வேண்டியிருந்தன. அவரை, துவரை, கடலை முதலிய செடிகளின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் அதே பிடியைச் சாதாரண மண்ணின் சூட்டில் விடுவிக்கின்றன என்பதை 1886-இல் ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானியர் எடுத்துக் காட்டினார். நம் குடியானவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயந்தான். நடவுக்கு முன் கொளிஞ்சியையும் சணப்பையும் மடக்கி உழுதவர்கள் ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வரவில்லை. ஆனால் 'எப்படி?' என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

அந்த விடையைத் தேடியவர்களில் நம் தேசத்துப் பெயர் தாங்கிய ஒருவர் இருக்கிறார். வினோத் ஷா என்பது அவர் பெயர். அமெரிக்காவில் மாடிசன் நகரத்திலுள்ள விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே ஒரு நொதியைப் பிடித்துக்கொண்டு உழைத்தவர். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரிடம் அதற்கென்று நொதிகள் இருப்பதுபோல், நைட்ரஜனைப் பிரிக்கும் நுண்ணுயிரிடம் இதற்கென்று ஒரு நொதி இருக்கிறது. அதற்கு நைட்ரோஜினேஸ் என்று பெயர்.

இந்த நொதியிடம் ஒரு பொல்லாத குணம் உண்டு. நமக்குப் பிராணன் அளிக்கும் பிராணவாயு இதற்கு யமன்! நொதி இரண்டு புரோட்டீன்களால் ஆனது. அவற்றுள் சிறியதைக் காற்றில் வைத்தால் ஒரு நிமிஷத்துக்குள் பாதி வீணாகிவிடும். முடிச்சின் உள்ளே சிவப்புப் பொருள் இருப்பது இதற்காகத்தான். பிராணவாயு தாறுமாறாக உள்ளே புகாமல் தடுத்து, நுண்ணுயிர் சுவாசிப்பதற்கு வேண்டியதை மட்டும் அது அளந்து கொடுக்கிறது. இப்படிப்பட்ட நொதியை உயிருக்கு வெளியே எடுத்து வேலை செய்ய வைக்கலாம் என்பதே 1960-இல்தான், டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் நிச்சயமாயிற்று. அதற்குப் பிறகும் ஆராய்ச்சியாளர்கள் காற்றுப் புகாத குழாய்களிலேயே காலந் தள்ளவேண்டியிருந்தது. ஒரு அடைப்பான் சற்று நெகிழ்ந்தால் ஒரு வார வேலை பாழ்.

வினோத் ஷா தம் சகாவான வின்ஸ்டன் பிரில்லுடன் சேர்ந்து 1973-இல், அஸடோபாக்டர் என்னும் மண் நுண்ணுயிரிலிருந்து இரண்டு புரோட்டீன்களையும் சுத்தமாகப் பிரிக்க எளிய வழி ஒன்றை வெளியிட்டார். பெரிய புரோட்டீனில் இரும்பும் மாலிப்டினம் என்னும் அருமையான உலோகமும் இருப்பது தெரிந்திருந்தது. அந்த உலோகங்கள் புரோட்டீனோடு எந்த வடிவத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன? அவற்றைத் தனியே கழற்றி எடுக்க முடியுமா?

கழற்றியது பெரிதல்ல, நேயர்களே. கழற்றிய பொருள் கெடாமல் இருக்கிறது என்பதை ருசுப்படுத்துவதுதான் பெரிது. இதற்கு அவர்கள் ஒரு ஊனமுற்ற நுண்ணுயிரை உரைகல்லாக வைத்துக்கொண்டார்கள். அதனிடம் புரோட்டீன் உண்டு, உலோகத் துணுக்கு இல்லை. ஆகையால் அதன் நொதி சும்மா கிடக்கும். நல்ல புரோட்டீனை அமிலத்தில் இட்டுக் குலைத்து, படிந்த மண்டியை ஒரு விசேஷத் திராவகத்தால் கழுவியபோது, பழுப்பு நிறமாக ஒரு சாறு இறங்கிற்று. அதில் சிறிது எடுத்து ஊனமுற்ற நுண்ணுயிரின் சாற்றில் விட்டார்கள். செத்துக் கிடந்த நொதி வேலை செய்யத் தொடங்கியது! இது வெளிவந்த வருஷம் 1977.

வேறொருவராயிருந்தால் இந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் சொற்பொழிவு செய்துகொண்டிருக்கலாம். ஷா அப்படிச் செய்யவில்லை. நுண்ணுயிர் இந்தத் துணுக்கை எவ்வாறு கட்டுகிறது என்று அடுத்தபடி தேடப் புகுந்தார். 1986-இல் கண்ணாடிக் குழாயிலேயே அதைக் கட்டச் செய்தார்கள். 1989-இல் ஷாவும் அவருடைய தோழர்களும் ஹோமோசிட்ரேட் என்னும் பொருள் அத்துணுக்கின் ஓர் அங்கம் என்று கண்டார்கள். எலுமிச்சம்பழத்தின் புளிப்புக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று அதைச் சொல்லலாம். 1994-இல், துணுக்குக்கு அஸ்திவாரமாக முதலில் உருவாகும் இரும்பு, கந்தகக் கூட்டைத் தனியே பிரித்தார்கள். ஒரு மனிதருடைய உழைப்புக் காலத்தின் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கில் போயிற்று.

அதன் உருவத்தை ஊடுகதிர்களால் 1992-இல் வேறு விஞ்ஞானிகள் பார்த்தார்கள். ஏழு இரும்பு அணு, ஒன்பது கந்தக அணு, ஒரு மாலிப்டினம். ஆனால் கூட்டின் நடு மையத்தில் இன்னும் ஏதோ ஒன்று இருப்பது பின்னால் தெரிந்தது. அது என்ன என்பதில் பல வருஷம் வாதம் நடந்தது. 2011-இல் வாதம் தீர்ந்தது. நடுவில் இருப்பது கரி. ஒரே ஒரு கரி அணு! நெய்வேலியில் இதைக் கேட்டபோது அத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

நுண்ணுயிர் இந்த வேலையை இனாமாகச் செய்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு நைட்ரஜன் ஜோடியைப் பிரிப்பதற்கு ஏ.டி.பி. என்னும் உயிர்ச் சக்தி நாணயம் குறைந்தது பதினாறு செலவாகிறது. செடி வெயிலில் நின்று சம்பாதித்த சர்க்கரையிலிருந்துதான் அந்தச் செலவு போகிறது. வேலையும் ஆமை வேகம். ஒரு விநாடிக்குச் சில மூலக்கூறுகள்தாம். நெல்லுக்கும் கோதுமைக்கும் இந்த நொதியை நேரே கொடுத்துவிடலாம் என்று நாலைந்து பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். துணுக்கைக் கட்டுவதற்கே எத்தனை கைகள் வேண்டும் என்பதை ஷா போன்றவர்கள் காட்டியபின், அது இன்னும் கைகூடாததில் எனக்கு வியப்பில்லை.

கைகூடிய விஷயம் ஒன்று உண்டு. அது நெய்வேலிக்குச் சொந்தமானது. கடலைக்கு வேண்டிய நுண்ணுயிரை வளர்த்துப் பையில் அடைத்து விற்பதானால், அது உயிரோடு தங்குவதற்கு ஈரம் தாங்கும் ஒரு பொடி வேண்டும். மேல்நாட்டில் பீட் என்னும் சதுப்பு மண்ணை உபயோகிக்கிறார்கள். நம் நாட்டில் அது அருமை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, சுண்ணாம்புப் பொடி கலந்து புளிப்பைப் போக்கினால் அந்தப் பணிக்கு ஆகும் என்று கந்தசாமி, பிரசாத் என்ற இருவர் 1971-இல் 'கரண்ட் சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். விவசாய டிப்போவில் வாங்கும் ரைஸோபியம் பொட்டலத்தில் கறுப்பாக இருக்கும் பொடி பெரும்பாலும் இவ்வகைக் கரிதான். யூரியாவுக்காக எரித்துத் தீர்த்த அதே கரி, எரியாமலும் நைட்ரஜனுக்கு உதவுகிறது.

இதில் நெய்வேலிக்கு வேறொரு பொறுப்பும் இருக்கிறது. கரி கிடப்பது சுமார் 150 அடிக்கும் கீழே. அதன்மேல் உள்ள மண்ணையெல்லாம் இயந்திரங்கள் வாரிக் கொட்டுகின்றன. மேல் மண் கீழாகவும் கீழ் மண் மேலாகவும் போன அந்த மேடுகளில் புல் முளைப்பதே அரிது. நைட்ரஜன் என்பது பெயருக்குக்கூட இல்லை. கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலையாரும் சுரங்கத்தாரும் கூடி, நுண்ணுயிர் உரமும் தொழு உரமும் இட்டு அந்த மேடுகளில் மரமும் பயிரும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு மேட்டில் மரங்கள் நன்றாகவே நின்றன. ஆனால் நிலத்தைக் கொடுத்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே மண்ணில் ஏர் பூட்டுவார்களா என்று கேட்டால் அங்கே யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, விளைந்துவரும் நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கியதைப் பத்திரிகைகளில் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். சிதைத்த மண்ணுக்கு உயிர் திரும்பி வருகிறது என்றால், அது நொதியின் வேகத்தில்தான் வருகிறது. இயந்திரத்தின் வேகத்தில் வருவதில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள், அறுவடையானபின் விதைக்கப்போகும் உளுந்துக்காக ஒரு பொட்டலம் வாங்கி வரும்படி அத்தான் என்னை அனுப்பினார். விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் பொடியோடு பிசறி, நிழலில் அரை மணி உலர்த்தி, உடனே விதைக்கவேண்டும். வெயில் பட்டால் நுண்ணுயிர் செத்துப்போகும். பூச்சி மருந்தோடு கலக்கவே கூடாது என்று வழி முழுவதும் உபதேசம். வாங்கிக்கொண்டு வந்து பெருமையோடு நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை வாசித்தார்.

"மாப்பிள்ளை, இதற்குக் கெடு போன மாதமே முடிந்துவிட்டது. உள்ளே இருப்பது வெறும் கரி. போய் மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்றார்.