“ஏம்மா இவ்ளோ லேட்டா கொண்டு வந்தீங்க?”

1/ இந்தக் கேள்வியைக் கேட்காத அரசு டாக்டர் கிடையாது. நானும் பல தடவை கேட்டிருக்கேன். ஜவ்வாது மலையில் வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர் நான். இனிமேல் எந்தத் தாயிடமும் இதைக் கேட்க எனக்கு வாய் வராது. ஏன்னு சொல்றேன். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ ஒரு பெண் 97 நாள் குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கேன்.) கண் பச்சை கலந்த மஞ்சள். வயிறு உப்பல். கை வைத்தால் கல்லீரல் கெட்டியாகத் தட்டுப்பட்டது. துணியை விரிச்சுப் பார்த்தேன். மலம் வெள்ளை, சுண்ணாம்பு கலந்த களிமண் மாதிரி. மூத்திரம் பட்ட இடமெல்லாம் மஞ்சள் கறை.

3/ “ஏம்மா இவ்ளோ லேட்டா கொண்டு வந்தீங்க?” வாய் தானாகவே கேட்டது. அந்த அம்மா கோபப்படவே இல்லை. “45 நாள் ஊசிக்கு வந்தப்பவே காட்டினேனே சார். தாய்ப்பால் காமாலை, காலையில வெயில்ல காட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க. தெனமும் காட்டினேன் சார்.”

4/ ஓ.பி. நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அன்றைக்கு நூறு பேருக்கு மேல் ஓ.பி., தடுப்பூசி நாள் வேறு. இது காரணம்தான், சமாதானம் இல்லை. துணியைப் பார்க்க எனக்குப் பத்து விநாடி போதும். நான் பார்க்கவில்லை. இந்த த்ரெட்டில் முதல் குற்றவாளி நான்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைப் பற்றிப் பேச எனக்கு உரிமை.

5/ நோயின் பெயர் பிலியரி அட்ரீசியா. கல்லீரலில் சுரக்கிற பித்தநீர் குடலுக்கு இறங்க ஒரு குழாய் உண்டு. சில பச்சிளங்குழந்தைகளுக்கு அந்தப் பித்தக்குழாய் வீங்கி, தழும்பாகி, அடைத்துப் போகும். ஏன் என்று இன்னும் முழுசாகத் தெரியாது. தாய் சாப்பிட்டது, கிரகணம், கண்ணு பட்டது எதுவும் காரணம் இல்லை.

6/ மலத்துக்கு மஞ்சள் நிறம் தருவதே பித்தநீர்தான். அது இறங்கவில்லை என்றால் மலம் வெளுக்கும். வெளியேற வழியில்லாத பித்தம் ரத்தத்தில் ஏறி மூத்திரத்தில் வரும், அதனால் துணியில் கறை. உள்ளேயே தேங்கும் பித்தம் கல்லீரலை நாளுக்கு நாள் அரிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பதில்லை.

7/ மாத்திரை, டானிக், கீழாநெல்லி, வெயில் எதுவும் இதைத் தொடாது. ஆபரேஷன் ஒன்றுதான் வழி. 1955ல் ஜப்பானின் சென்டாய் நகரத்தில் மொரியோ கசாய் என்கிற சர்ஜன் முதலில் செய்தார். தழும்பான குழாயை வெட்டி எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே கொண்டுபோய் கல்லீரலின் வாசலிலேயே தைத்துவிடுவது. இன்றைக்கும் அவர் பெயரில்தான் ‘கசாய் ஆபரேஷன்’.

8/ இதில் ஒரு கணக்கு இருக்கு. 60 நாளுக்குள் ஆபரேஷன் நடந்தால், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பித்தம் இறங்கும். 90 நாள் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று சரியும். அதே சர்ஜன், அதே தியேட்டர், அதே தையல். மாறுவது தேதி மட்டும்தான். இந்தத் தேதியைத் தீர்மானிப்பது சென்னையில் இருக்கிற சர்ஜன் இல்லை, மலை மேல் முதலில் பார்க்கிற நான்.

9/ அந்தக் குழந்தைக்கும் ஆபரேஷன் நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி, திறமையான கைகள், ஒரு குறையும் சொல்ல முடியாது. பித்தம் இறங்கவில்லை. அடுத்து கல்லீரல் மாற்று என்றார்கள். அம்மாவுக்குப் பரிசோதனை, அப்பாவுக்குப் பரிசோதனை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், கொல்லையில் அறுக்க வேண்டிய சாமை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அலைந்தார்கள். பதினோராம் மாதத்தில் குழந்தை போய்விட்டது.

10/ உடனே ஒரு குரல் வரும்: “மலைவாழ் மக்களுக்கு விழிப்புணர்வு இல்ல சார், மூடநம்பிக்கை, நாட்டு மருந்து.” நம்ம டிபார்ட்மென்ட்டிலேயே தினம் கேட்கிற வசனம். அந்த அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வந்தார். 45 நாள் ஊசிக்குத் தானாகவே வந்தார். சொன்னபடி வெயிலில் காட்டினார். எது மூடநம்பிக்கை? காமாலைக்கு வெயில் என்று சொன்னது பூசாரி இல்லை. ஸ்டெதஸ்கோப் போட்ட நான்.

11/ இன்னொரு குரல்: “பத்தாயிரம், இருபதாயிரம் பிறப்புக்கு ஒண்ணு வர்ற நோய். இதுக்கு இவ்ளோ மெனக்கெடணுமா?” தமிழ்நாட்டில் வருஷத்துக்கு எட்டு, ஒன்பது லட்சம் பிரசவம். நீங்களே வகுத்துப் பாருங்க. நாற்பதிலிருந்து தொண்ணூறு குழந்தைகள். ஒவ்வொரு வருஷமும், ஒரு ஸ்கூல் பஸ் நிறைய. அபூர்வம் என்பது புள்ளிவிவரத்துக்கு. பெற்றவளுக்கு நூற்றுக்கு நூறு.

12/ நம்ம ஊரில் அபூர்வ நோய் எப்போது செய்தியாகிறது? 2022 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கா? ஆவடி பக்கத்துச் சிறுமிக்கு முகத்தின் ஒரு பக்கம் சிதைகிற நோய். டிவியில் வந்தது, அரசு இறங்கியது, ஆபரேஷன் நடந்தது, முதல்வரே நேரில் போய்ப் பார்த்தார். நல்ல விஷயம், மனதாரச் சொல்றேன். ஆனால் முகத்தில் தெரிகிற நோய்க்குக் கேமரா வரும். துணியில் தெரிகிற நோய்க்கு யார் கேமராவைத் தூக்கிட்டு மலை ஏறுவாங்க?

13/ “அரசு மருத்துவமனை சாதனை! அபூர்வ அறுவை சிகிச்சை வெற்றி!” இந்தத் தலைப்பைப் பார்த்தால் எனக்கும் பெருமைதான், என் கூடப் படித்தவர்கள் இருக்கிற தியேட்டர்கள் அவை. ஆனால் எந்தப் பேப்பரும் அடுத்த வரியை எழுதுவதில்லை. குழந்தை எத்தனையாவது நாளில் வந்தது? அதற்கு முன் எத்தனை டாக்டர் பார்த்தார்கள்? எத்தனை பேர் ‘ஒண்ணுமில்ல’ என்று திருப்பி அனுப்பினார்கள்?

14/ அவநம்பிக்கை பரப்புறேன்னு நினைக்காதீங்க. 1998 நவம்பரில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. குழந்தை எந்த ஊர் தெரியுமா? நம்ம காஞ்சிபுரம். இதே பிலியரி அட்ரீசியா. அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து இன்றைக்கு டாக்டர். அதனால் ‘இந்த நோய் வந்தா அவ்வளவுதான்’ என்பது பொய்.

15/ ஆனால் எல்லா அப்பாக்களாலும் டெல்லி போக முடியாது. கர்நாடகா எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போன அப்பாவுக்குத் தகவல் சொல்லவே இரண்டு நாள் ஆகும். கல்லீரல் மாற்று கடைசிக் கதவு. முதல் கதவு கசாய். காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் இருக்கு, உண்மை. 97வது நாளில் வந்த குழந்தைக்கு 45வது நாளைத் திருப்பித் தர எந்தக் காப்பீட்டாலும் முடியாது.

16/ அடுத்து நல்ல மனசுக்காரர்கள் சொல்வது: “ஜமுனாமரத்தூரிலேயே சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டணும்.” கைதட்டல் வாங்கும் கோரிக்கை. நான் எதிர்க்கிறேன். இங்கிலாந்தில் 1999ல் என்ன செய்தார்கள்? ஊர் ஊராக நடந்த கசாய் ஆபரேஷனை மூன்றே மூன்று மையங்களுக்கு மாற்றினார்கள். பலன் கூடியது. வருஷத்துக்கு ஒன்று செய்கிற கையைவிட நிறைய செய்த கைதான் குழந்தைக்கு நல்லது. ஆபரேஷன் கீழேயே நடக்கட்டும்.

17/ மலையில் நடக்க வேண்டியது கண்டுபிடிப்பு. அதற்கு எம்.சி.எச். டிகிரி வேண்டாம், ஒரு அட்டை போதும். தைவான் 2004ல் நாடு முழுக்க எல்லாத் தாய்களின் குழந்தைநலப் புத்தகத்திலும் மல நிற அட்டையைச் சேர்த்தது. இந்த நிறமெல்லாம் சரி, இந்த நிறமென்றால் உடனே வா என்று படம் போட்டு. குழந்தைகள் சீக்கிரம் வந்தார்கள், பலன் கூடியது. ஜப்பான் 2012ல் தன் தாய்-சேய் கையேட்டில் சேர்த்தது.

18/ என் மேஜைக்கு வருகிற தாய்-சேய் நலப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். தடுப்பூசி இருக்கு, எடை வளைகோடு இருக்கு. மல நிறம் இல்லை. இதே மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து, எட்டாத தூரத்து நட்சத்திரத்தின் ஒளியை நிறம் பிரித்துப் பார்க்கிறார்கள். அரை அடி தூரத்தில் இருக்கிற குழந்தைத் துணியின் நிறத்தைப் பார்க்க நம்மிடம் ஒரு பக்கம் பேப்பர் இல்லை.

19/ புதுத் திட்டம் எதுவும் கேட்கவில்லை. இருக்கிறதே போதும். பிறந்த குழந்தையை ஆஷா அக்கா வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டிய நாட்கள் 3, 7, 14, 21, 28, 42. இதில் 14, 21, 28 மூன்றும் தங்கம். 42 வரைக்கும் விட்டால் மிச்சம் 18 நாள். அதற்குள் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்ஸி, பெட், தியேட்டர் எல்லாம் நடக்கணும்.

20/ என் கோரிக்கைகள்:
அ) புத்தகத்தில் மல நிறப் படம், நிறம் மாறாத நல்ல அச்சில்.
ஆ) 14, 21, 28ம் நாள் வருகையில் இரண்டு கேள்வி கட்டாயம்: மலம் என்ன நிறம்? மூத்திரம் துணியில் கறை விடுதா?
இ) 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால் டைரக்ட் பிலிருபின் டெஸ்ட். டோட்டல் மட்டும் பார்த்தால் போதாது. டெஸ்ட் இங்கே இல்லையா? ரத்தக் குழாய் கீழே போகட்டும், குழந்தை போக வேண்டாம்.

21/ ஈ) டைரக்ட் 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அன்றைக்கே ரெஃபரல். ரெஃபரல் என்றால் துண்டுச்சீட்டில் ‘மேல் சிகிச்சைக்கு’ என்று கிறுக்குவது இல்லை. நான் போன் பண்ணணும், அங்கே ஒரு டாக்டர் பெயர் தெரியணும், பெட் சொல்லி வைக்கணும். இங்கிருந்து போளூர் இறங்கவே நாற்பது கிலோமீட்டர் மலை ரோடு. சென்னை இருநூறுக்கு மேல். போய் இறங்கி ‘நாளைக்கு வாம்மா’ என்று கேட்டால், நாளைக்கு அவர்கள் வீட்டுக்குத்தான் திரும்புவார்கள்.

22/ உ) கூட இருக்கிறவருக்குத் தங்க இடம், சாப்பாடு, இழந்த கூலிக்கு ஒரு தொகை. மலைப்பகுதிகளில் பிரசவத் தேதிக்கு முன்னாடியே வந்து தங்க அறை கட்டிய அரசுதானே இது? அதே யோசனையை ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குழந்தையின் அம்மாவுக்கும் நீட்டுங்க. பஸ் காசு இல்லாமல் நழுவிப் போகிற நாட்களும் அந்த 60ல்தான் கழியும்.

23/ ஊ) தாமதமாக வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஆடிட். ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் தமிழ்நாட்டில் கலெக்டர் வரைக்கும் விசாரணை போகும். எங்கே தாமதம், யார் பார்த்தது, வண்டி எப்போது வந்தது என்று மணிக்கணக்கில் எழுதுவோம். அப்படிக் கேட்டதால்தான் தாய் மரணத்தைக் குறைத்தோம். இதற்கும் அதே மாதிரி கேளுங்க. முதல் ஃபைல் என்னுடையதாக இருக்கட்டும்.

24/ “டிபார்ட்மென்ட் விஷயத்தைப் பொதுவெளியில் பேசலாமா” என்று சீனியர்கள் போன் பண்ணுவாங்க. சார், மேடம், நூறு பேர் ஓ.பி.யை ஒரே ஆள் பார்ப்பதைப் பற்றியும் பேசணும், பேசறேன். ஆனால் பத்து விநாடி துணியைப் பார்ப்பதற்கு ஆள் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல என்னால் முடியல. அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

25/ கடைசியா, படிக்கிற உங்களுக்கு. வீட்டில், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்றைக்கே துணியைப் பாருங்க. மஞ்சள், பச்சை, பழுப்பு எல்லாம் சரி. வெள்ளை, சாம்பல், வெளிறிய மஞ்சள் என்றால் போட்டோ எடுங்க, துணியையும் கையோடு எடுத்துட்டுப் போங்க. குழந்தை நல்லா பால் குடிக்குது, சிரிக்குது, எடை ஏறுதுன்னு ஏமாறாதீங்க. ஆரம்பத்தில் இந்தக் குழந்தைகள் அப்படித்தான் இருப்பாங்க.

26/ இரண்டு வாரம் தாண்டியும் கண் மஞ்சளாக இருந்து, டாக்டர் ‘வெயில்ல காட்டுங்க’ என்று சொன்னால், எழுந்து வராதீங்க. “டைரக்ட் பிலிருபின் பார்த்துடலாமா சார்?”னு கேளுங்க. கூகுள் பார்த்துட்டு வந்தியான்னு கோபப்படுவார். படட்டும். என்கிட்ட அன்றைக்கு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். ஆனா துணியைப் பார்த்திருப்பேன்.